லைன் வீக்கு

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "லைனம்மா எங்கே?", "லைனம்மாவை வரச்சொல்லு." இப்படித்தான். முகத்துக்கு நேரே "இந்தாம்மா". முதுகுக்குப் பின்னால் "அவள்". இங்கே நான் "அவர்" என்று எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை, அதை எழுத எனக்கு முகம் இல்லை. மரியாதையையாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதுவும் ரொம்பத் தாமதம்தான்.

லைனம்மா என்ற பெயர் வந்தது அவர் வாயில் எப்போதும் இருந்த ஒரு பேச்சால். "லைன் வீக்கு சார். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எங்கே கால்வாய் வெட்டினால் வடியும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற சின்ன நிறுவனம். தி. நகரில் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கணக்குப் போடும் பெரிய கம்ப்யூட்டர் மட்டும் அடையாறில், முதலாளியின் பழைய வீட்டு மாடியறையில், இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓட உட்கார்ந்திருந்தது. எங்கள் மேசைகளில் தெரிந்ததெல்லாம் அதன் ஜன்னல்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும் ஜன்னல் ஒன்று, வரைபடம் காட்டும் ஜன்னல் ஒன்று. இங்கே எதைத் தட்டினாலும் அது அடையாறு போய், வேலை அங்கே நடந்து, விடை இங்கே வந்து விழும். ஜன்னல் தி. நகரில், வீடு அடையாறில். நடுவே இருப்பதுதான் லைன்.

ஓடிக்கொண்டே இருக்கும் கறுப்பு ஜன்னல் சில சமயம் பாதி வரியில் நின்றுவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. ஜன்னலை மூடினால் அதுவரை போட்ட கணக்கும் போய்விடும். மூடாவிட்டால் எத்தனை நேரம்தான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. மேசையைக் குத்துவேன், கத்துவேன். என் குரல் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள்.

அப்போது அவர் வருவார்; அந்தக் கம்ப்யூட்டரையும் லைனையும் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. வருவது தெரியாது. அடையாறு மாடியறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். அந்தப் பழக்கத்தில் தி. நகரிலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. சித்திரை மாதத்திலும் மெரூன் கலர் ஸ்வெட்டர். அந்த அறைக் குளிர் உடம்பில் ஏறி இறங்கவே மாட்டேன் என்கிறது என்பார். பக்கத்தில் வந்தால் தைல வாசனை அடிக்கும். நாற்காலிக்கு இடது பக்கம் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். யார் என்ன செய்தீர்கள் என்று கேட்கவே மாட்டார். "லைன் வீக்கு" என்பார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எழுத்துகள் அருவியாக ஓடிக்கொண்டிருக்கும்.

மாமிக்கு இது பெரிய அதிசயம். அறிக்கைகள் எழுதித் தரும் மயிலாப்பூர்க்காரர் அந்த மாமி. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருந்தார். ஜன்னல் நின்றதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான் ஒண்ணுமே தொடலைடீம்மா. சும்மா பாத்துண்டுதான் இருந்தேன், நின்னுடுத்து" என்பார்.

"தெரியும் மாமி. லைன் வீக்கு. போயி டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் எங்கேடி டீ குடிக்கறேன்? எனக்குக் காபி."

"சரி, காபி குடிச்சிட்டு வாங்க."

வந்து பார்த்துவிட்டு, "கைராசிக்காரிடி நீ. எங்காத்துலகூட உன்னைப் பத்திச் சொல்லிண்டே இருப்பேன்" என்பார் மாமி. இவர் வெட்கத்தோடு ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொள்வார்.

அந்தக் கைராசியின் ரகசியம் எனக்குத் தெரிந்தது தற்செயலாக. ஒரு நாள் டீக்கு இறங்கியவன், மேசையில் வைத்த கண்ணாடிக்காகப் பாதிப் படியில் திரும்பினேன். என் மேசையருகே அவர் நின்றிருந்தார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு இடது கையால் இரண்டே இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். நின்றிருந்த ஜன்னல் கொட்ட ஆரம்பித்தது. நாலு நொடிகூட ஆகவில்லை.

"என்ன அமுக்கினே?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "ஒண்ணுமில்ல சார். லைன்..."

"லைன்னு சொல்லாதே. நான் பார்த்தேன்."

மாமி இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நீங்கல்லாம் சேவ்னு ஒண்ணு அமுக்குறீங்க பாருங்க சார், கன்ட்ரோலும் எஸ்ஸும். எழுதற எடத்துல அது சேவ். இந்தக் கறுப்பு ஜன்னலுக்கு அது வேற. 'நிறுத்து, நான் சொல்ற வரிக்கும் காட்டாதே'ன்னு அர்த்தம். அந்தக் காலத்துலேர்ந்து அப்டித்தான். அதும் நீங்க சொன்னதை மதிச்சி நிறுத்திகினு குந்திகினு கீது. கன்ட்ரோலும் க்யூவும் அமுக்கினா, 'சரி, காட்டு'ன்னு அர்த்தம். அவ்ளோதான்."

சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஒரு மே மாதம் கரண்ட் போய், மாமி பாதி நாள் உட்கார்ந்து அடித்த அறிக்கை மொத்தமும் காணாமல் போயிருந்தது. மறுநாளே முதலாளி கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டிய தாள் அது: "நாலு வரிக்கு ஒருமுறை சேவ் செய்யவும்." அன்றிலிருந்து கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அமுக்குவது எங்கள் எல்லோருக்கும் கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டது. எழுதினாலும் அமுக்குவோம், யோசித்தாலும் அமுக்குவோம், சும்மா இருந்தாலும் அமுக்குவோம். எழுதும் ஜன்னலா, கறுப்பு ஜன்னலா என்று விரலுக்கு எங்கே தெரியும்?

"அப்போ லைன்?"

"லைன் பத்துல ஒரு தபா வீக்கு சார். மீதி ஒம்போது தபா விரலு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இத்தனை நாளா எங்களை முட்டாளாக்கிட்டு இருந்தியா?"

"இல்ல சார். ஆக்கக்கூடாதுன்னுதான் டீக்கு அனுப்புறேன்."

ஏன் சொல்லித் தொலைக்கக்கூடாது என்று கேட்டேன். ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இதுக்கு முன்னாடி இங்கதான், ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு துணிக்கடைல இருந்தேன் சார். ஆடித் தள்ளுபடி, சரியான கூட்டம். பில்லு போடற மிஷின் நின்னுபோச்சி. ஓனரே எறங்கி வந்துட்டாரு, இன்னா ஆச்சின்னு கேட்டாரு. நான் பாத்துட்டு, 'இந்தப் பொண்ணு தப்பா அமுக்கிட்ச்சி சார்'ன்னேன். நெஜத்தைத்தான் சொன்னேன். சாயங்காலம் அத்த வேலைய வுட்டு அனுப்பிட்டாங்கோ. தெக்கத்திப் பொண்ணு சார், கடை ஹாஸ்டல்லயே தங்கிகினு இருந்துச்சி. பைய தூக்கிகினு படியில எறங்குது, நான் நிக்கிறேன். திட்டக்கூட இல்ல. 'வர்றேங்க்கா'ன்னுட்டு போச்சி. அதுலேர்ந்து நான் விரல சொல்றதில்ல. லைனைச் சொன்னா இன்னா சார்? லைனுக்கு வேலை போவாது."

இந்தக் கடைசி வார்த்தையை எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ தலையை ஆட்டிவிட்டு டீக்கு இறங்கிவிட்டேன்.

அதற்காக அவருக்கு லைன் பார்க்கத் தெரியாது என்று நினைத்துவிடக்கூடாது. ஊரடங்கு நாட்களில் நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு மேசையில் ஜன்னல் வெறும் சட்டமாகத் திறக்கும், உள்ளே ஒன்றும் வராது. எஸ்ஸும் அமுக்கவில்லை, க்யூவும் பலிக்கவில்லை. போனில் கூப்பிட்டேன்.

"மொதல்ல அதோட பேரை மட்டும் கேளுங்க சார்" என்றார். கம்ப்யூட்டரின் பெயரைக் கேட்கும் கட்டளையைச் சொன்னார். அடித்தேன். பெயர் வந்தது.

"வந்துச்சா? இப்ப கதை கேளுங்க." ஒரு நீண்ட பட்டியலைக் கேட்கும் கட்டளை. அடித்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை.

"ஹா! பாத்தீங்களா? சின்னதா பேசினா போவுது, நீட்டிப் பேசினா மாட்டிக்கினு முழிக்குது. உங்க வூட்டு லைன் பெரிய பொட்டலத்தை வாங்க மாட்டேங்குது சார். பொட்டலத்தைச் சின்னச் சின்னதா கட்டி அனுப்பச் சொல்லணும்." சொன்னபடி ஓர் எண்ணை மாற்றினேன். ஜன்னலில் எழுத்தும் படமும் வந்து நிறைந்தன. போனில் அவர் சிரித்தார். அத்தனை சந்தோஷமாக அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. "இது நெஜமாவே லைனு சார்! சத்தியமா லைனு!"

அந்தச் சிரிப்பு எத்தனை நாளைக்கு இருந்தது என்று தெரியவில்லை. அடையாற்றுக் கரையில் குடிசைக்கு அடுத்த நிலையில் ஓர் ஓட்டு வீடு அவருக்கும் அவர் அம்மாவுக்கும். மாடியறைக்குப் பத்து நிமிஷ நடை. அதனால்தான் முதலாளி அவரை வேலைக்கே எடுத்தார். ஒரு நாள் கரையோர வீடுகளை எல்லாம் இடித்து, ஊருக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு பஸ் மாறி வரவேண்டும். அம்மாவுக்கு அங்கே படி ஏற முடியவில்லை என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் நான் அடையாற்று வெள்ளக் கணக்கின் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் ஏறும் இடமெல்லாம் நீலம். பின்னால் வந்து நின்றார்.

"எங்க வூடு இங்கதான் சார் இருந்துச்சி. இந்த நீலத்துல." விரலை வைக்காமல் காட்டினார். "இடுப்பு வரிக்கும்னு போட்டுகீதா? உங்க கணக்கு ரைட்டு சார். இடுப்பு வரிக்கும்தான் வந்துச்சி."

நான் அந்தக் கணக்கு சரியாக வந்ததில் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இன்னொரு நாள் என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி. "சார், அந்த எஸ்ஸு நிறுத்தறத வேலை செய்யாம ஆக்க ஒரு செட்டிங் கீது. மொதலாளியக் கேட்டேன், 'ஓடற வண்டியில கை வைக்காதே'ன்னுட்டாரு. ஏன்னு வெலாவரியா சொன்னா உங்க எல்லாரு பேரும் வெளிய வரும். நீங்க சீனியரு. அந்தத் தாள்ல கீழ ஒரு வரி சேத்து எழுதச் சொல்லுங்களேன். 'கறுப்பு ஜன்னல்ல சேவ் வேணாம்'னு. யாரு பேரும் வராது."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஒரு பெரிய வேலை கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குள் கணக்கைக் கொடுத்தால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு நிறுவனம் மூச்சு விடலாம். இல்லையென்றால் கஷ்டம். கணக்கு சனி, ஞாயிறு முழுக்க ஓடி முடியவேண்டும். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு நான்தான் ஓடவிட்டேன். வடபழனியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. வீட்டிலிருந்து போன் மேல் போன். பட்டுச்சட்டை பையில் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "ஓடுதா சார்? நான் வேணா இருந்து ஒரு தபா பாத்துட்டு போட்டுமா?"

"ஓடுது, ஓடுது. நீ கிளம்பு, பஸ்ஸை விட்டுடப்போறே."

"ரெண்டு நாளும் அடையாறு ரூமுக்குப் போயி எட்டிப் பாக்கவா சார்?"

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

அவர் இறங்கிப் போனார். நான் எழுந்தேன். எழுதிய கடிதத்தை மூடும் முன் ஒரு முறை, எண்களைப் பார்த்த திருப்தியில் ஒரு முறை என்று இடது கை தன் பாட்டுக்கு எதையோ அமுக்கியது. பத்திரமாக இருக்கட்டும் என்கிற பழக்கம். திரையை அணைத்தேன். படியில் ஓடினேன்.

சனியும் ஞாயிறும் நான் பார்க்கவில்லை. கல்யாண வீடு, சொந்தம், தூக்கம்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குத் திரையைப் போட்டேன். பாதி வரியில் நின்றிருந்தது ஜன்னல். கடைசி வரியில் நேரம் போட்டிருந்தது: வெள்ளிக்கிழமை, ஆறு பன்னிரண்டு. அந்த ஜன்னலில் எழுத முடியவில்லை என்றால் கணக்கும் பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே காத்திருக்கும். இரண்டரை நாள் காத்திருந்திருக்கிறது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அலுவலகத்திலேயே அதைத் தெரிந்த இரண்டாவது ஆள் நான்தான். க்யூவை நானே அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. அவருக்காகக் காத்திருந்தேன். அவர் பத்து மணிக்கு வந்தார், வெறுங்காலோடு, ஸ்வெட்டரோடு. இடது பக்கம் நின்றார். கடைசி வரியைப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார்.

போனேன். வேறென்ன, போனேன். திரும்பி வந்தபோது எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன, வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலிருந்து. முதலாளி அங்கே நின்றிருந்தார். மாமியும் மற்றவர்களும் தங்கள் இடத்தில் எழுந்து நின்றிருந்தார்கள்.

"என்னாச்சு?" என்றார் முதலாளி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"லைன் வீக்கு சார்" என்றார் அவர்.

"ரெண்டரை நாளா?"

"ஆமா சார்."

"லைனைப் பாத்துக்கறதுதானே உன் வேலை?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை போன லைன் திங்கக்கிழமை வரைக்கும் உனக்குத் தெரியலை. அடையாத்துலயே இருக்கேன்னுதானே உன்னை எடுத்தேன்? இப்போ எங்கேயோ இருந்துகிட்டு ஆடி அசைஞ்சு பத்து மணிக்கு வர்றே."

"வூட்ட இடிச்சிட்டாங்கோ சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் இடது கை மேசையில் இருந்தது. அது என்ன செய்தது என்று கேட்டால் யாரும் நம்பமாட்டீர்கள். பயத்தில், பழக்கத்தில், போய் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அமுக்கியது. எல்லோர் கண் முன்னாலும் ஜன்னல் டக்கென்று நின்றது.

"பாரு!" என்றார் முதலாளி. "பாரு, இன்னும் நிக்குது! என்ன லட்சணத்துல லைனை வச்சிருக்கே!"

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. கோபமாகப் பார்த்தாரா என்றால் இல்லை. காத்திருந்தார். அவர் காத்திருந்தார் என்பது எனக்கு இப்போது புரிகிறது; டீக்கு அனுப்பியதுகூட அதற்குத்தானோ என்னவோ. நான் யோசித்துவிட்டு வந்து சொல்லுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் திரையைப் பார்த்தேன். பாதியில் நின்ற ஓர் எண்ணை உற்றுப் பார்த்தேன்.

அவர் குனிந்து, என் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு, இரண்டு பொத்தான்களை அமுக்கினார். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"லைன் வீக்கு சார்" என்றார் முதலாளியிடம்.

வந்த பெரிய வேலை நிறுவனத்தின் கைவிட்டுப் போனது. சாயங்காலம் அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு சின்னப் பை, டிபன் பாக்ஸ், அவ்வளவுதான். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாத்துப் போடீம்மா" என்றார். நான் மேசையிலிருந்து எழவில்லை. வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"வர்றேன் சார்" என்றார். திட்டக்கூட இல்லை.

அடுத்த வாரம் சுவரில் இருந்த தாளில் நானே கீழே ஒரு வரி எழுதினேன்: "கறுப்பு ஜன்னலில் சேவ் வேண்டாம். நின்றுவிட்டால் கன்ட்ரோல், க்யூ." மாமி அதை இரண்டு தடவை படித்தார். தன் மேசையில் அமுக்கிப் பார்த்தார், நின்றது. மறுபடி அமுக்கினார், ஓடியது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ அன்னிக்கு...?" என்றார். "தெரியலை மாமி" என்றேன். அதன் பிறகு மாமி என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

ஜன்னல் நின்று யாரும் கத்தவேண்டிய அவசியம் பிறகு வரவில்லை. "புது ஆள் வந்தப்புறம் லைன் ஸ்டெடியா இருக்கு, பாத்தியா?" என்றார் முதலாளி ஒரு நாள். "ஆமா சார்" என்றேன். இதையும் சொல்லியிருக்கிறேன் இந்த வாயால்.

அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. மூன்று நாலு தடவை நீளமாக மெசேஜ் அடித்து அழித்தேன். பிறகு போன் மாற்றினேன். நம்பர் போயிற்று. நிம்மதியாகத்தான் இருந்தது.

போன மாதம் அப்பாவின் வாரிசுச் சான்றுக்காக மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் இ-சேவைக் கடைக்குப் போனேன். முன்னால் நாலைந்து பேர். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார், முகம் தெரியவில்லை. ஒரு பெரியவர், "நான்தான் எதையோ தொட்டுட்டேன் போல, எல்லாம் போச்சும்மா" என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தன் விவரத்தைத் தானே அடிக்கிறேன் என்று கீபோர்டைக் கேட்டு வாங்கி எதையோ செய்திருக்கிறார்.

"நீங்க ஒண்ணும் பண்ல நைனா. லைன் வீக்கு. எதுத்தாப்பல போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் பின்னாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். என் முறை வந்தது.

தலைமுடி பாதி நரைத்திருந்தது. ஸ்வெட்டர் இல்லை. காலைப் பார்த்தேன். மேசைக்கடியில் வெறுங்கால்.

"நல்லா கீறீங்களா சார்?" என்றார். என்னைத் தெரிந்ததில் அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை.

"இருக்கேன். நீங்க?" முதல் தடவையாக "நீங்க" என்றேன். அவர் அதைக் கவனித்த மாதிரி இருந்தது. அம்மா போய்விட்டார்களாம், இரண்டு வருஷமாம். என் காகிதங்களை வாங்கி, அப்பாவின் பெயரை அடித்து, என் பெயரை அடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது. ரசீது எடுத்துக் கொடுத்தார்.

நான் நகரவில்லை.

"இன்னா சார்?"

"அந்த வெள்ளிக்கிழமை..." என்றேன்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே பார்வை. காத்திருந்தார். பின்னால் யாரோ, "சீக்கிரம் சார், ஆபீஸ் போவணும்" என்றார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எத்தனை வருஷமாகத் தயாராக இருந்த வார்த்தைகள். அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, "சொல்லுங்க சார்" என்றார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அன்னிக்கு லைன் ரொம்ப வீக்கா இருந்துச்சு, இல்ல?"

கையை மறுபடி கீபோர்டுக்குக் கொண்டுபோனார்.

"இல்ல சார்" என்றார். "லைன் நல்லாத்தான் இருந்துச்சி."

பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்தது யாரு? வாங்க" என்றார்.